இரு முனைக்கும் சமமாக

ஜூன் 14, சனி

கிளப் செயலாளர் என்றால் நாற்காலியில் இருக்க வேண்டும். கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு நாற்காலியே ஆகாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிட்ச் நடுவில் வந்து நின்று சுற்றறிக்கையை என் கையில் கொடுத்தார். வருகிற இருபத்தொன்பதாம் தேதி நம் மைதானத்தில் இருபத்துமூன்று வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தேர்வுப் போட்டி. தெற்கு அணியும் மேற்கு அணியும். ஐம்பது ஓவர். சென்னையிலிருந்து தேர்வாளர் வசுமதி மேடம் நேரில் வருகிறாராம்.

"ஏ முப்பிடாதி, இருநூத்தி முப்பது ரன்னு அடிக்கணும், விக்கெட்டும் விழணும், கேட்டியா? பேட்டு புடிக்கவளும் அழப்புடாது, பந்து போடுதவளும் அழப்புடாது."

"அப்ப நான் மட்டும் அழணுமாக்கும்" என்றேன்.

"ஒனக்குத்தான சம்பளம்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

தெற்கு அணியில் என் தங்கை உலகேஸ்வரி இருக்கிறாள். எனக்கு உலகு. இடது கை சுழல்பந்து. செப்டம்பரோடு அவளுக்கு வயது தாண்டிவிடும். இந்த மேட்சில் மாநில அணிக்கு எடுத்தால் உண்டு, இல்லையென்றால் செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அது அவள் பாடு. என் பாடு பிட்ச். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

இன்று பிட்ச் முழுக்க நன்றாக நனைத்தாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

சாரல். குற்றாலத்தில் சீசன் பிடித்துக்கொண்டது. மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற மலை காலையில் இருந்தது, பத்து மணிக்கு இல்லை, மதியம் பாதி மட்டும் வந்தது. வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் விழுகின்றன. நனைகிறோமா காய்கிறோமா என்று தெரியாமல் நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தேன். இந்த மாதத்தில் எனக்கு எப்போதும் பாதித் தூக்கம்தான். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன்.

தார்ப்பாயை மூடுவதும் எடுப்பதுமாகவே போயிற்று பொழுது. ரோலர் ஓட்டுகிற சுடலை அண்ணன் மட்டும் இல்லையென்றால் நான் செத்தேன். அவரும் சும்மா இழுக்க மாட்டார், ஒவ்வொரு தடவையும் "இந்தச் சவத்துப் பாயி" என்று ஒரு வசவு வைத்துவிட்டுத்தான் இழுப்பார்.

எங்கள் பிட்சுக்குக் கிழக்கே பெவிலியன் முனை, மேற்கே மலை முனை. பெவிலியன் பக்கமிருந்து போடுகிற பந்து மலை முனையில் விழும், மலைப் பக்கமிருந்து போடுவது பெவிலியன் முனையில் விழும். உலகு எப்போதும் பெவிலியன் பக்கமிருந்துதான் போடுவாள். மேலக்காற்று எதிரே வந்து பந்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

உலகு வலது கையால் தோசை தின்கிறாள், இடது கையில் பந்தை உருட்டிக்கொண்டே இருக்கிறாள்.

"ஏட்டி, அதையும் சட்னில முக்கித் தின்னுரு" என்றேன்.

"ஒன் சட்னில முக்குனா பந்தே அழுகிப் போவும்" என்கிறாள். வாய்க்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

போன வருடமும் இதே போலத் தேர்வுப் போட்டிக்குப் போனாள், வேறு ஊர் மைதானம். அங்கே தரை சிமெண்ட் போட்ட முற்றம் போல இருந்ததாம். பத்து ஓவரில் அறுபத்துநாலு ரன், விக்கெட் இல்லை. வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒரு ஆள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டால் இன்னொரு ஆள் யாரோடு பேசுவது?

சரி, அது போன வருடக் கதை.

ஜூன் 19, வியாழன்

தண்ணீர் விட்டேன். ஹோஸ் மலை முனைக்கு எட்டவில்லை. ஸ்டம்புக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் விட்டுப்போயிற்று.

சுடலை அண்ணன், "நேத்து எட்டிச்சே தாயி" என்றார். நேற்று எட்டியது என்றால் இன்றைக்கும் எட்ட வேண்டும் என்று சட்டமா?

அலுவலக ரெஜிஸ்டரில் எழுத வேண்டியதை எழுதினேன்: 'இரு முனைக்கும் சமமாக நீர் பாய்ச்சப்பட்டது.'

ஜூன் 20, வெள்ளி

ஹோஸ் எட்டவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மதியம் சைட்ஸ்கிரீன் நிழலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். கனவில் நான் பிட்ச் மேல் படுத்திருக்கிறேன். மேலே ரோலர் ஏறுகிறது. கனமே இல்லை. ஈரத் துணியை விரித்தது போல நெஞ்சு மேல் ஏறி இறங்கிப் போகிறது. மண்ணுக்கு உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. நான் மூச்சு விட்டால் அதுவும் விடுகிறது. எழுந்து பார்த்தால் முகமெல்லாம் தூறல், பக்கத்தில் நாய் ஒன்று என்னைப் போலவே படுத்துக் கிடக்கிறது. வெகுநேரம் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஹோஸ் இன்றும் எட்டவில்லை. ரெஜிஸ்டரில்: இரு முனைக்கும் சமமாக.

ஜூன் 24, செவ்வாய்

பத்து வருடம் இந்த இருபத்திரண்டு கஜத்தோடு குடும்பம் நடத்துகிறேன். அது யாருக்கும் சொந்தமில்லை என்று தெரியும். காலையில் ஈரம் இருக்கும்போது வேகமாகப் போடுகிறவளுக்குச் சிரிக்கும். வெயில் ஏறினால் மட்டை பிடித்தவள் பக்கம் போய்விடும், பந்து நேராக, சமர்த்தாக வரும். சாயங்காலம் மேல்மண் உதிர ஆரம்பித்தால் சுழற்றிப் போடுகிறவளுக்கு. ஒரே நாளில் மூன்று கட்சி மாறும், ஆனாலும் யாருக்கும் துரோகம் செய்யாது. எல்லோருக்கும் ஒரு வேளைச் சோறு உண்டு. அண்ணாச்சி சொன்ன இருநூற்று முப்பது ரன் என்பது அந்தக் கணக்குதான். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒழுங்காக நனைத்து, ஒழுங்காக உருட்டி, ஒழுங்காக விலகிக்கொள்வது.

சுடலை அண்ணனிடம் ரோலரை மலை முனை வரைக்கும் கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னேன். அங்கே வழுக்குகிறது.

"காஞ்சு கெடக்கே, எங்கன வழுக்குது?" என்று கேட்டார்.

"வழுக்குதுன்னா வழுக்குது" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போல. பாவம், டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஜூன் 26, வியாழன்

கம்பி பிரஷ்ஷால் மலை முனையில் புல்லைத் தேய்த்துவிட்டேன். எப்படியும் பட்டுப்போன புல்தானே.

சாயங்காலம் கடை விட்டதும் உலகு வந்தாள். தார்ப்பாய் மூடியிருந்தது.

"ஒரு ஓரமா தூக்கிக் காட்டுக்கா."

"தேர்வுக்குப் போற பிள்ளைக்கு முந்தின நாளே வினாத்தாள் காட்டுவாங்களா? போட்டி அங்கிட்டு."

"எப்படித்தான் இருக்கு? அதையாவது சொல்லு."

"நல்லா இருக்கு."

"எனக்கு நல்லா இருக்கா, அவளுகளுக்கு நல்லா இருக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அந்தப் பார்வை. சர்க்கரை டப்பாவைக் காலி செய்தது நான் என்று தெரிந்தும் கேட்க மாட்டாள், பார்ப்பாள். நான் போய் மோட்டாரை நிறுத்தினேன். அது ஓடவே இல்லை.

ஜூன் 28, சனி

நாளை மேட்ச். வழக்கம் போல வீட்டுச் சாவியை மண்ணில் குத்திப் பார்த்தேன். பெவிலியன் முனையில் சாவி நுனி கூட இறங்கவில்லை. அருமையாக இறுகியிருக்கிறது. பந்தைப் போட்டால் 'ணங்' என்கிறது. இந்தப் பத்து வருடத்தில் நான் செய்ததிலேயே நல்ல மண் அந்தப் பாதிதான், பெருமைக்குச் சொல்லவில்லை.

மலை முனையில் குத்திப் பார்க்கவில்லை. அதற்குள் தூறல் வந்துவிட்டது, மூடிவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மலை முழுசாகத் தெரிந்தது. சாரல் இல்லை, காற்று இல்லை, மரத்தில் ஒரு இலை ஆடவில்லை. சீசனில் இப்படி ஒரு நாளை நான் பார்த்ததே கிடையாது. பிள்ளைகள் வெள்ளையும் சள்ளையுமாக அங்குமிங்கும் ஓடுவது தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி சத்தமில்லாமல் இருந்தது. உலகு பிட்சைப் பார்க்க வந்தாள். மலை முனையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. கயிறு சிக்குப் போல. போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. மேட்ச் அன்றைக்கு அவள் யாரிடமும் பேச மாட்டாள்.

மேற்கு அணி டாஸ் ஜெயித்து முதலில் மட்டை பிடித்தது. எட்டு ஓவர் வேகப்பந்து, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கள் கேப்டன் பெனிட்டா பந்தை உலகுவிடம் கொடுத்தாள். உலகு வாங்கிக்கொண்டு நடந்தாள். பெவிலியன் பக்கம் வரவில்லை. மலைப் பக்கம் போய் நின்றாள்.

ஏ மூதி, இந்தப் பக்கம் வாயேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. எப்படிக் கத்துவது? என்னவென்று சொல்லிக் கத்துவது?

பெவிலியன் பக்கமிருந்து பெனிட்டாவே போட்டாள். அவளும் சுழல்பந்துதான், ஆனால் உலகு அளவுக்கு வராது. மூன்றாவது பந்து அந்த இடத்தில் விழுந்தது. புழுதி பூவாணம் போல எழுந்தது. பந்து மட்டையை விட்டு ஒரு முழம் தள்ளித் திரும்பி, எகிறி, கீப்பரையும் தாண்டிப் போயிற்று. எல்லோரும் 'ஓ' என்றார்கள். அடுத்த ஓவரில் ஒன்று எழும்பவே இல்லை, தரையோடு ஊர்ந்து ஸ்டம்பில் போய் முட்டியது. அந்தப் பிள்ளை ஸ்டம்பைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், நடுவரைப் பார்த்தாள். வசுமதி மேடம் கூடாரத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு எதிலும் கண் போகவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓவர் முடிந்தால் அது இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ஒவ்வொரு தடவை சத்தம் கேட்கும்போதும் நிமிர்ந்து பார்ப்பேன், அதற்குள் யாராவது வெளியே நடந்துகொண்டிருப்பார்கள். மேற்கு அணி நூற்று இருபத்தெட்டுக்கு ஆட்டமிழந்தது. ஸ்கோர் போர்டில் உலகேஸ்வரி பத்து ஓவர், இருபத்தேழு ரன், ஐந்து விக்கெட் என்று எழுதினார்கள். ஐந்து! பெனிட்டாவுக்கு நாலு.

பிறகு எங்கள் பிள்ளைகள் மட்டை பிடித்தார்கள். அதே மண்தானே. இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? பந்து போடுகிறவளை மட்டும் நினைத்தேன். அவளோடு ஆடுகிற பத்துப் பேரும் அதே இடத்தில் மட்டையோடு நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. மேற்கு அணியின் சுழல்பந்துக்காரிகள் அந்த இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒரு பந்து எகிறி அவர்கள் கீப்பர் பிள்ளையின் உதட்டையே கிழித்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள், விரல் இடுக்கில் ரத்தம். தொண்ணூற்றேழுக்கு எல்லோரும் அவுட். தோல்வி.

கடைசிப் பந்து முடிந்து பத்து நிமிடத்தில், காலையிலிருந்து எங்கேயோ பதுங்கியிருந்த மழை கொட்டியது. யாரும் தார்ப்பாயை எடுக்கவில்லை. அண்ணாச்சி, "நனையட்டும் சவம்" என்றார். அரை மணி நேரத்தில் பிட்ச் சேறாகிவிட்டது. எந்த முனை நல்ல முனை, எது கெட்ட முனை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வசுமதி மேடம் ரெஜிஸ்டரைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் படித்தார்.

"இரு முனைக்கும் சமமாகன்னு எழுதியிருக்கீங்க. ஒரே மண்ணு, ஒரே தண்ணி. அப்போ ரெண்டு பக்கமும் இதே லட்சணம்தான். இருபது விக்கெட்ல பதினாறு ஸ்பின்னுக்கு விழுந்திருக்கு. இந்தப் புழுதியில எங்க அம்மா போட்டாக்கூட அஞ்சு எடுப்பாங்க சார். இன்னிக்கு ஸ்பின்னர் எடுத்த எதையும் நான் கணக்குல சேர்க்கப் போறதில்ல."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

உலகு சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். மேடம் சொன்னது பெனிட்டா மூலம் அவள் காதுக்கு வந்திருந்தது.

"விடுக்கா" என்றாள், அவ்வளவுதான். சாப்பிடவும் செய்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் 30, திங்கள்

விடியும்போதே விழிப்பு வந்துவிட்டது. உலகு மலைப் பக்கமிருந்து போட்டாள். அதாவது அவள் பந்து பூராவும் பெவிலியன் முனையில் விழுந்தது. சாவி நுனி இறங்காத, நான் செய்ததிலேயே நல்ல அந்தப் பாதியில். அவளுடைய ஐந்து விக்கெட்டும் சுத்தமானவை. அது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறந்தால் அவளுக்கு அவை கிடைக்கும், எனக்கு வேலை போகும். மூடிக்கொண்டால் வேலை இருக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. ஆனால் யோசித்தேன். ஏழு மணி வரைக்கும் யோசித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மேடத்துக்குச் சாயங்காலம்தான் ரயில். பத்து மணிக்குக் கிளப் ஆபீசில் அண்ணாச்சியோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"மேடம், ரெஜிஸ்டர் பொய்."

"எது பொய்?"

"சமமாகங்கறது. மலை முனைக்கு நான் பத்து நாளா தண்ணி காட்டல. உருட்டல. புல்லையும் நானேதான் தேய்ச்சு எடுத்தேன். என் தங்கச்சி அதுல போடுவான்னு செஞ்சேன். ஆனா அவ அதுல போடல. அவ போட்டது நல்ல முனையில."

ஹோஸ் எட்டியது. எல்லா நாளும் எட்டியது. இந்த நோட்டில் எட்டவில்லை என்று நான் எழுதியிருப்பது எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. யாரும் படிக்காத நோட்டில் கூட உண்மையை எழுதத் தைரியம் இல்லாத ஜென்மம் நான்.

அண்ணாச்சி காபியை வைத்துவிட்டார். "அடப் பாதகத்தி! பச்சப் பிள்ளைக்கு உதடு கிழிஞ்சு போச்சட்டி! நாலு பேரு முன்னால என் மூக்கை அறுத்துட்டியே!"

மேடம் கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "நேத்து பிட்ச்சுல பொய் பண்ணீங்க. இன்னிக்குத் தங்கச்சிக்காக வாயால பொய் சொல்ல மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. சுடலை அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஹோஸ் மலை முனைக்கு எட்டுமா என்று மேடம் கேட்டார்.

"எட்டுமாவா? வேலிக்கு அந்தாண்ட நிக்க புளியமரத்துக்கே எட்டும் தாயி" என்றார் அவர். என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரோலரையும் அங்கிட்டு விடாதன்னுச்சு. நான் கேட்டேன். என்னைய வஞ்சுச்சு."

மேடம் உலகுவைக் கடையிலிருந்து வரச் சொன்னார். வந்தாள். கடைச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு, அவளைப் பார்க்க யாரோ வேற்றாள் போல இருந்தது.

"நீ எப்பவும் பெவிலியன் பக்கமிருந்துதான் போடுவியாமே. நேத்து ஏன்மா மாத்தின?"

உலகு என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "காத்துக்கு, மேடம்."

"நேத்து காத்தே இல்ல. என் குடை கூட அசையல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷூ கயிறு சிக்கே இல்லை.

"சொல்லுட்டி. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கன ஒரு எடம் சரியில்ல மேடம். காலைலயே பாத்தேன். விரல வச்சா மாவா உதிருது. யாரு செஞ்சிருப்பான்னும் தெரியும். அதுல போட்டு எடுத்தா அது நான் எடுத்ததா இருக்காது. அதான் பெனிட்டாட்ட கேட்டு அந்தப் பக்கம் போனேன்."

"நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அக்காவுக்கு வேலை போயிரும்லா."

மேடம் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மலை பாதி இருந்தது. பிறகு ஸ்கோர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "நல்ல மண்ணுல அஞ்சு. காத்து உதவியும் இல்லாம. சரி. ஆறாம் தேதி கிளம்பி மதுரை முகாமுக்கு வா. முப்பது பேர், அதுல பதினஞ்சு பேரைத்தான் எடுப்போம். அங்க பிட்ச் கல்லு மாதிரி இருக்கும், ஒண்ணுக்கும் உதவாது. அங்க பாத்துக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "உங்களைப் பத்தி நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க மேடம்" என்றேன்.

உலகு எனக்கு முன்னால் படி இறங்கிப் போனாள். கடை வரைக்கும் பின்னாலேயே போனேன். ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

அந்தக் கீப்பர் பிள்ளைக்கு மூன்று தையலாம். பழம் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். ஊருக்குப் போய்விட்டாளாம்.

ஜூலை 3, வியாழன்

ஒரு வருடம் நான் பிட்ச் பக்கம் போகக் கூடாது. வேலையை விட்டு எடுக்கவில்லை, அண்ணாச்சி மன்றாடிக் காப்பாற்றியிருக்கிறார், ஆனால் என்னிடம் சொல்லவில்லை. சுடலை அண்ணன்தான் சொன்னார். கேலரி பெருக்குகிறேன். உயரத்திலிருந்து பார்த்தால் பிட்ச் ஒரு பாய் அளவுதான் இருக்கிறது. சாரல் அதன் மேல் நடந்து நடந்து போகிறது.

வீட்டில் உலகு பேசுவது: "உப்பு எங்க?", "சாவி?", "வாரேன்." மொத்தம் மூன்று வசனம்.

ஜூலை 6, ஞாயிறு

மதுரை பஸ்ஸுக்கு அவளோடு வந்தேன். வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சாரல். பஸ்கள் புகைக்குள்ளிருந்து வருவது போல வந்து புகைக்குள் போயின. கிட்பேக்கை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

"ஏன்க்கா அப்படிச் செஞ்ச?" என்றாள், திடீரென்று.

"நீ விக்கெட் எடுக்கணும்னுதான்டி."

"இல்ல. நான் எடுக்க மாட்டேன்னு நெனச்ச. எடுப்பேன்னு நெனச்சிருந்தா ஒழுங்கா தண்ணி காட்டியிருப்ப."

மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. அது அப்படித்தான். போன வருடம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோதே, இவளால் முடியாது என்று நான் மனதுக்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது. அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னோட மூணாவது விக்கெட்டு எப்படி விழுந்துச்சு, சொல்லு பாப்போம்" என்றாள்.

யோசித்தேன். சத்தம் நினைவிருக்கிறது. யாரோ வெளியே நடந்து போனது நினைவிருக்கிறது.

"சரி, மொதல் விக்கெட்டு?"

"போல்டு" என்றேன், குத்துமதிப்பாக.

"கேட்ச்சு." அவள் சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. "நீ பாக்கவே இல்லக்கா. அஞ்சு எடுத்தேன். ஒன் மைதானத்துல, ஒன் கண்ணு முன்னால. நீ ஒண்ணக்கூடப் பாக்கல."

"அந்த எடத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் அழுதேன். பக்கத்தில் முறுக்கு விற்றவர் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

உலகு பையைத் திறந்து பந்தை எடுத்தாள்.

"அழாத, இங்க பாரு. மொதலாவது அந்த நெட்டப் பிள்ளை. காத்து இல்லாததால பந்து மெதக்காதுன்னு அவளுக்குத் தெரியும். அதனால நான் இன்னும் மேல தூக்கிப் போட்டேன், பொறுமையா. ஏறி வந்து அடிச்சா. பெனிட்டா கைக்குப் போச்சு. ரெண்டாவது, அதே உயரம், ஒரு சாண் முன்னக்கூட்டி விழுந்துச்சு. அவ கிரீஸ விட்டு வெளிய, பந்து கீப்பர் கையில. மூணாவதுதான்க்கா எனக்குப் புடிச்சது." பந்தை விரலால் திருப்பிக் காட்டினாள். "எல்லாம் திரும்புதுன்னு அவ வெளிய தள்ளி ஆடுதா. நான் அதே மாதிரி ஓடி வந்து, அதே மாதிரி கையச் சுத்தி, திருப்பாம விட்டேன். நேரா. ஆஃப் ஸ்டம்பு. அந்த முனையில மண்ணு அவ்வளவு நல்லா இருந்துச்சுக்கா. போட்ட எடத்துல போட்டபடி போச்சு. பொய்யே சொல்லல."

நான் பார்த்தேன். நடந்து ஒரு வாரம் கழித்து, ஈரமான சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த மேட்சை முதல் தடவையாகப் பார்த்தேன். நெட்டைப் பிள்ளை ஏறி வந்தாள். கீப்பர் பெயில்ஸைத் தட்டினாள். ஆஃப் ஸ்டம்ப் சாய்ந்தது.

"நாலாவது எல்பி. நடுவர் யோசிச்சாரு, நான் கத்தவே இல்ல. அப்படியே அவரையே பாத்தேன்."

"எப்படிப் பாத்திருப்பன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

மதுரை பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். பையைத் தூக்கி உள்ளே கொடுத்தேன். அவள் ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கண்ணாடியைத் தள்ளினாள்.

"அஞ்சாவது?" என்று கத்தினேன்.

அவள் என்னவோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் காதில் விழவில்லை. இடது கையைத் தூக்கி விரலை ஒரு சுழற்று சுழற்றிக் காட்டினாள். பஸ் சாரலுக்குள் போய்விட்டது.

ஐந்தாவது விக்கெட் எப்படி விழுந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. பெனிட்டாவைக் கேட்டால் சொல்லுவாள். ஸ்கோர் புத்தகத்திலும் இருக்கும். நான் பார்க்கப் போவதில்லை, அவளே வந்து சொல்லட்டும்.